கதவுக்கு வெளியே மஸ்தான் கனி

ராஸ் அல் கைமா, நக்கீல் கடைத்தெரு.
துணிக்கடைக்கு மேலே பெண்கள் ஸ்டுடியோ.
படம் எடுப்பவள் பெண், கழுவுபவள் பெண்,
கவரில் போட்டு ஒட்டுபவளும் பெண்.
கடைசி இரண்டும் நான்தான்.

முக்காடு விலகிய முகங்களை
இங்கே பார்த்தது இங்கேயே கிடக்கவேண்டும்.
சம்பளத்தில் பாதி அதற்கு என்று
உம்மு ராஷித் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் என்லார்ஜர் படுத்தது.
மணப்பெண், அவள் தாய், சித்திகள், கேக்,
எல்லாம் ஒரே சாயத்தில் முக்கி எடுத்தது போல.
பதினொரு தாள் வீண்.

மெக்கானிக் துபாயிலிருந்து டாக்சியில் வந்தார்.
படங்களை மூடிவைக்கிறேன் என்றேன்.
உம்மு ராஷித் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான்.
ஸ்டூல் வெளியே போனது.
டூல் பை உள்ளே வந்தது.

"என்ன கலர் அடிக்குது?"
"சிவப்பு."
"சிவப்புல எத்தனையோ இருக்கு தங்கச்சி.
செங்கல்லா, குங்குமமா, வெத்தலை போட்ட வாயா?"
"கத்தரிப்பூ மாதிரி. ஆனா அவ்வளவு நீலம் இல்ல.
பீட்ரூட் நறுக்கின பலகை. கழுவின பிறகு."
"மெஜந்தா" என்றார்,
பழைய கடன்காரன் பெயரைச் சொல்வதுபோல.
"மெஜந்தா கூடுனா மெஜந்தாவையே கூட்டணும். தெரியுமில்ல?"

தெரியும். சேர்ந்த புதிதில்
என்னைத் தூங்கவிடாத கணக்கு அது.
மிகுந்ததைக் குறைக்க
மிகுந்ததையே கொடு.

"தொண்ணூறு வரைக்கும் ஏத்திட்டேன். அசையல."
கொஞ்ச நேரம் ஸ்டூல் மட்டும் முனகியது.
"அப்ப டயல்தான் சுத்துது. உள்ள கண்ணாடி நகரல.
பல்பு ஆறட்டும். நாலு ஸ்க்ரூ இருக்கும்."
மூன்றுதான் இருந்தது. சொல்லவில்லை.

மூடியைத் தூக்கினேன்.
பத்து வருடத்துப் பாலைத்தூசி, ஒரு ஈயின் இறக்கை,
நடுவே நகமளவு கண்ணாடி.
நேரே பார்த்தால் மெஜந்தா.
சாய்த்தால் கிளிப்பச்சை.
"பச்சையும் தெரியுது!" என்று கத்திவிட்டேன்.
"அது அப்படித்தான். வேண்டாததைத் திருப்பி அனுப்புது.
விரல் வச்சிடாதே."

கண்ணாடியை இழுக்கும் கயிறு
கப்பியிலிருந்து அறுந்து சுருண்டு கிடந்தது,
வெந்த சேமியா போல.
"மீன்கடையில தூண்டில் நரம்பு வாங்கட்டா?"
"நைலான் உருகிடும். பருத்தி வேணும். மெல்லிசா, முறுக்கா."

பக்கத்து அறையில் பர்வீன் புருவம் திருத்துகிறாள்.
ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே
மறு முனையை அறுத்துக் கொடுத்தாள்.
மூன்று புரி முறுக்கினேன்.
கதவுக்கு வெளியிலிருந்து அவர் குரல்
என் விரல்களை நடத்தியது:
இடது, இன்னும் இடது, ஸ்பிரிங்குக்குக் கீழே,
ஒரு சுற்று, இறுக்காதே, மூச்சு விடு.
கடைசியாகச் சொன்னது எனக்கா
ஸ்பிரிங்குக்கா தெரியவில்லை.

டெவலப்பருக்கு முப்பத்தைந்து டிகிரி.
இந்த மாதம் பச்சைத் தண்ணீர்க் குழாய் கையைச் சுடும்.
ஹீட்டரை அணைத்துப்போட்டு
சூட்டுக் குழாயைத் திறந்தால்தான் குளிர்ச்சி.
அதில் ஐஸ் கட்டி இரண்டு, தெர்மாமீட்டர்.
பிறகு விளக்கை அணைத்து, இருட்டில்
தாளின் வழவழத்த பக்கத்தைக் கன்னத்தால் தேடினேன்.

டிரம் உருண்டது. கழுவினேன். விளக்கு.

அவள் பதினெட்டு வயதுக்காரியாக வந்திருந்தாள்.
இனி எழுதினால் சம்பளத்தில் பாதி போய்விடும்.

"வந்துச்சா?"
"வந்திருச்சு."
"எப்படி?"
பதிலாகக் கத்திரிக்கோல் எடுத்தேன்.
ஆளில்லாத ஓரம், இரண்டு விரல் அகலம்,
கதவடியில் தள்ளினேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
ஜன்னலுக்குக் கொண்டுபோயிருப்பார்.

"லேசா மஞ்சள் இருக்கே."
"அது சுவர் அண்ணே. மஞ்சள் சுவர்."
"சுவரே மஞ்சளா?"
"சுவரே மஞ்சள்."
"அப்ப சரி."

டூல் பையை வெளியே வைத்தேன்.
ரசீதில் கூலி எழுபது திர்ஹம்,
நூல் என்று ஒரு வரி, நேரே ஒன்றுமில்லை.
துண்டுப் படத்தைத் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
இன்னும் முப்பத்தொன்பது நெகட்டிவ் இருந்தது,
ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.